நேசன் மாஷுக்கு நான் தலைச்சீடன்

கேரள எல்லையிலுள்ள எங்கள் கொல்லயில் பஞ்சாயத்து முழுவதையும் சிரிக்க வைப்பது என்று 1996ஆம் வருஷம் ஒரு திங்கட்கிழமை காலையில் தீர்மானித்தேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது எடுத்த தீர்மானம். என்னுடைய பெரிய தீர்மானங்கள் எல்லாம் வாயில் நுரை இருக்கும்போதுதான் வரும். அப்போது நான் யாரிடமும் பேசி அதைக் கெடுத்துக்கொள்ள முடியாது.

தமிழ்நாட்டை ஏற்கெனவே சிரிக்க வைத்தாகிவிட்டது. மதுரையிலிருந்து வரும் ஒரு வார இதழில் என்னுடைய முப்பத்தேழு நகைச்சுவைக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. 'கொல்லயில் தாசையன்' என்று கொட்டை எழுத்தில் பெயர் போடுவார்கள். திருச்சியிலிருந்து ஒரு வாசகர், என் கட்டுரையை வாசித்துச் சிரித்ததில் புரையேறி இரண்டு நாள் இருமினேன் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேன். அதற்காக எங்கள் கல்யாணப் படத்தைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி மாட்ட வேண்டியதாகிவிட்டது. ரசனை வேணும், ரசனை என்று நான் அடிக்கடி சொல்வேன். அந்தத் திருச்சிக்காரருக்கு அது இருந்தது.

என் ஊருக்கு இல்லை. ஊரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் தமிழ் பேசுவார்கள், மலையாளமும் பேசுவார்கள். தமிழில் தொடங்கிய வாக்கியம் மலையாளத்தில் போய் முடியும், நடுவில் ஆங்கிலமும் ஏறி இறங்கும். ஆனால் வாசிப்பது மலையாளம் மட்டும்தான். படித்த பள்ளிக்கூடம் அப்படி. நானோ எல்லையிலுள்ள பனச்சமூட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் பிறந்து, தமிழில் படித்து, கல்யாணம் முடிந்தபின் மனைவியின் ஊரில் வந்து குடியேறியவன். வேலையும் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க். பதினாலு வருஷமாகக் காலையில் தமிழ்நாட்டுக்குப் போய்ச் சாயங்காலம் கேரளத்துக்குத் திரும்புகிறேன். மலையாளம் நன்றாகப் பேசுவேன். ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. கற்றுக்கொள்ளவில்லை. எழுத்தாளன் இருக்கிற எழுத்தையெல்லாம் வாசித்துக்கொண்டே இருந்தால் எழுதுவது எப்போது? பஸ் போர்டு வாசிக்கத் தெரியாமல் இரண்டு தடவை நெய்யாற்றின்கரைக்குப் போய்விட்டேன். இரண்டையும் கட்டுரையாக்கிவிட்டேன்.

ஆக, தமிழ்நாடே இருமிக்கொண்டிருக்கும்போது சொந்த ஊரில் நான் யார் என்று கேட்டால், டெய்லரம்மைக்க மாப்பிள்ளை, அதாவது டெய்லரம்மாவின் புருஷன். அவ்வளவுதான். தபால்காரர், பால்காரி, வாசகசாலைச் செயலாளர் கிருஷ்ணன்குட்டி உட்பட எல்லோருக்கும் நான் டெய்லரம்மைக்க மாப்பிள்ளை. இந்த நிலையை மாற்றி, ஊரார் என் பெயரைச் சொல்ல வேண்டும், அதையும் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்பதுதான் நுரையோடு எடுத்த தீர்மானம்.

டெய்லரம்மை என்பது என் மனைவி கிருபாபாய். முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டிருக்கிறாள். பாறசாலைவரை அவள் தைத்த ஜாக்கெட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு. நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு மிமிக்ரி கோஷ்டிகூட அவளிடம்தான் மேடை உடுப்பு தைக்கும். மீசை வைத்த ஆள் மணப்பெண் வேஷம் போடுவதற்கு ஜாக்கெட் தைப்பது எல்லோராலும் முடியாது. நான் ஒவ்வொரு கட்டுரையும் எழுதி முடித்ததும் அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். அவள் வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு "ம்" என்பாள். முப்பத்தேழு கட்டுரைக்கும் முப்பத்தேழு "ம்". வாயில் குண்டூசி இருக்கும்போது சிரிப்பது ஆபத்து என்பதால்தான் அப்படி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் பாப் பாட்டு. பாப் பாட்டைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. எல்லாவற்றைப் பற்றியும் உண்டு. பாப் பாட்டில் பாட்டு கிடையாது என்பது என் கருத்து. டும் டும் என்று தட்டுவார்கள், நாலு தடவை "ஏ ஏ" என்பார்கள், பிறகு களைத்துப்போய் இன்னொரு தடவை தட்டுவார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் கிருபாபாய் மெஷின் மிதிப்பாள். ஓரம் அடிக்க வேகமான பாட்டு, காஜா எடுக்க மெதுவான பாட்டு. பாட்டை மாற்றினால் தையல் கோணும் என்பாள். இதைக் கிண்டல் செய்து 'மிதிபடும் சங்கீதம்' என்று ஒரு கட்டுரை எழுதினேன். எட்டுப் பக்கம். ஆசிரியர் அதை ஒன்றரைப் பக்கமாக்கிப் போட்டார். இடப் பற்றாக்குறையாக இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் பனச்சமூடு ஜங்ஷனில் ஒரு சாயாக்கடையில் அந்தக் காசெட்டைக் கேட்டேன்.

மலையாளக் காமெடிக் காசெட். 'ரைட்டர் தங்கன்' என்று ஒரு பாத்திரம். தன்னைப் பெரிய எழுத்தாளன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு வீட்டுக்காரன். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு துண்டைத் தேடுகிறான். வாசகர் கடிதம் ஒன்று வந்துவிட்டது என்று கல்யாணப் படத்தைக் கழற்றி அடுக்களைக்குத் துரத்துகிறான். பல் தேய்க்கும்போதுதான் அவனுக்குப் புத்தி வேலை செய்யும், வாய் கொப்பளித்ததும் நின்றுவிடும். தொட்டதற்கெல்லாம் "ரசனை வேணும், ரசனை" என்கிறான். கடைசியில் பாப் தாளத்தில் ஒரு பாட்டு வேறு:

"தங்கன் எழுதிய கதை கேட்டு
தாழெ வீட்டுப் பசு ஓடி,
பாலு தரூல, புல்லு தின்னூல,
பாவம் பசுவினு ரசனையில்லா."

நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சாயா பக்கத்து ஆளின் வேட்டிக்குப் போய்விட்டது. நகைச்சுவை என்றால் இதுவல்லவா. ஒவ்வொரு வரியும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. அந்தத் தங்கன் எவ்வளவு அசல். எங்கள் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் அப்படியே இருக்கிறார். "ரசனை வேணும்" என்பது நான்கூடச் சொல்கிற வார்த்தை. பெரிய ஆட்களுக்கெல்லாம் ஒரே மாதிரி தோன்றும் போலிருக்கிறது.

காசெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பாப் பாட்டை நிறுத்திவிட்டு இதைப் போட்டேன். கிருபாபாயை எதிரில் உட்காரவைத்து, எது நகைச்சுவை, ஏன் அது நகைச்சுவை என்று முக்கால் மணி நேரம் விளக்கினேன். அவள் குனிந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்கியா?"

"இல்ல. தும்மல்."

"இது மாதிரி எழுதணும் கேட்டியா? எழுதினது யாருண்ணு அட்டையில போட்டிருப்பான். வாசி."

அவள் அட்டையை வாங்கினாள். வாசிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு, "நேசன் மாஷ், நெய்யாற்றின்கரை" என்றாள்.

மாஷ் என்றால் வாத்தியார். வாத்தியார் என்றால் கற்றுக்கொடுப்பார். அந்த நேரத்தில் என் வாயில் நுரை இல்லை, ஆனாலும் ஒரு தீர்மானம் வந்தது. நேசன் மாஷிடம் சீடனாகச் சேர வேண்டியது. அவரிடம் தாளம் கற்று, அடுத்த காசெட்டில் நாலு வரியாவது எழுதி, அட்டையில் பெயரைக் கொண்டுவர வேண்டியது. காசெட் அட்டையில் மலையாளத்தில் தாசையன் என்று வந்துவிட்டால், அப்புறம் ஊரில் எவன் டெய்லரம்மைக்க மாப்பிள்ளை என்பான்?

"ஏட்டி கிருபா, நான் சொல்லச் சொல்ல நீ மலையாளத்துல எழுது. என் கட்டுரையில ரெண்டு மொழிபெயர்த்துச் சேத்து அனுப்பு. மேல்விலாசம் அட்டையில கெடக்கும்."

"கெடக்கு. நான் அனுப்பியேன்."

"நல்லாட்டு எழுதணும்."

"பின்ன, நம்ம சொந்த ஆளுக்கு எழுதுற மாதிரி எழுதுவேன்."

பத்தாம் நாள் பதில் வந்துவிட்டது. இன்லண்ட் லெட்டர். ஓரத்தில் நீலச் சாக்பீஸ் கறை. வாத்தியார் கை அல்லவா, கறை இருக்கத்தானே செய்யும். கொஞ்சம் மெஷின் எண்ணெய் வாசமும் இருந்தது. எங்கள் வீட்டுக்குள் வந்த எதற்கும் அந்த வாசம் ஏறிவிடும். கிருபாபாய் பிரித்து, அங்கேயே தமிழாக்கிச் சொன்னாள்.

உங்களிடம் சரக்கு உண்டு, தாளம் இல்லை என்று மாஷ் எழுதியிருந்தார். நகைச்சுவை முக்காலும் தாளம்தான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும். நீங்கள் எந்த இடத்திலும் நிறுத்துவதில்லை. தாளம் தலை வழியாக ஏறாது, கை வழியாகத்தான் ஏறும். ஆகவே தினமும் காலையில் ஒரு பாப் காசெட்டைப் போட்டு, அந்தத் தாளம் பிசகாமல் இரண்டு தேங்காய் திருவவும்.

"தேங்காயா? அப்படியே போட்டிருக்கா?"

அவள் கடிதத்தை நீட்டினாள். "வேணும்ணா நீங்களே வாசிச்சுப் பாருங்க."

நான் வாங்கி, மேலிருந்து கீழே கண்ணை ஓட்டி, தலையை ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மேதைகள் சொல்வது முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும்.

மறுநாள் தேங்காய்த் துருவியில் ஏறி உட்கார்ந்தேன். உட்காரவே இரண்டு பாட்டு ஆகிவிட்டது. முதல் நாள் தேங்காயைவிட விரலைத்தான் அதிகம் திருவினேன். நாலாம் நாள் டும் என்ற இடத்தில் கை தானாக விழுந்தது. ஒரு வாரத்தில் "ஏ ஏ" என்ற இடத்தில் மூடியைத் திருப்பிப் போடும் அளவுக்கு வந்துவிட்டேன். அடுத்த வீட்டு அம்மிணி மதில்மேல் எட்டிப் பார்த்து, இதென்ன புது வேலை என்று கேட்டாள். காமெடி படிக்கிறேன் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பதினாலு வருஷத்தில் என்னால் சிரித்த முதல் கொல்லயில்காரி அவள்தான். மாஷின் முறை வேலை செய்தது.

இரண்டாவது கடிதம் நெத்தோலி மீனைப் பற்றியது. கதைக்குத் தலையும் வேண்டாம், வாலும் வேண்டாம், நடுவில் உள்ளதுதான் ருசி. இது கைக்குப் பழக, வாரம் மூன்று நாள் நெத்தோலி ஆயவும். மூன்றாவது கடிதத்தில் சோறு. ஒரு நிமிஷம் முந்தினால் அரிசி, ஒரு நிமிஷம் பிந்தினால் கஞ்சி, நகைச்சுவையில் கடைசி வரியும் அப்படியே, ஆகவே தினமும் சோற்றை நீங்களே வடிக்கவும். நாலாவது கடிதம்தான் கடினம். உரையாடல் எழுத வேண்டுமானால் பிறர் பேச்சைக் கேட்கத் தெரிய வேண்டும். ஆகவே ஒரு மாதத்துக்கு உங்கள் மனைவி பேசும்போது குறுக்கே பேசக்கூடாது.

"இது கொஞ்சம் கூடுதலில்லியா?" என்றேன்.

கிருபாபாய் கடிதத்தை மடித்தாள். "எனக்கும் அப்படித்தான் தோணுது. வேண்டாம்ணு எழுதிப் போடட்டா? வேற ஆளு எவ்வளவோ பேரு மாஷுக்க பின்னால நிக்குவினும்."

எழுத வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள், குறுக்கே பேசக்கூடாதே.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான் உண்மையாகவே தேறினேன். முப்பத்தெட்டாவது கட்டுரையை எழுதியபோது கை தானாகவே நெத்தோலி ஆய்ந்தது. முதல் பக்கத்தைக் கிள்ளி எறிந்தேன், கடைசிப் பக்கத்தைக் கிள்ளி எறிந்தேன், நடுவில் இரண்டு பக்கம் மின்னிக்கொண்டு கிடந்தது. ஆசிரியர் ஒரு சொல்லும் வெட்டாமல் போட்டு, "உங்களுக்கு என்ன ஆயிற்று? இப்படியே இருங்கள்" என்று கார்டு எழுதினார். அதை வாசித்துக் காட்டியபோது கிருபாபாய் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். சத்தமாக, பல் தெரிய. அவளுக்கு இடது பக்கம் ஒரு தெற்றுப்பல் உண்டு என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையில் மூன்றாவது தேங்காயும் திருவினேன்.

இந்தச் சமயத்தில் வாசகசாலை ஆண்டு விழா வந்தது. செயலாளர் கிருஷ்ணன்குட்டி வீடு தேடி வந்து, 'நகைச்சுவையும் வாழ்க்கையும்' என்று நான் பேச வேண்டும் என்றான். பதினாலு வருஷத்தில் முதல் அழைப்பு. ஒரு நிபந்தனை போட்டேன். தலைமை விருந்தினராக நேசன் மாஷை அழைத்தால்தான் வருவேன்.

"எந்த மாஷ், சாரே?"

"ரைட்டர் தங்கன் எழுதின நேசன் மாஷ். காசெட் அட்டையில போட்டிருக்கே, நீ பாக்கலியா?"

கிருஷ்ணன்குட்டி மேஜைமேல் கிடந்த காசெட் அட்டையை எடுத்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மெஷினில் இருந்த கிருபாபாயைப் பார்த்தான். அவள் மிதியை நிறுத்தாமல், "மாஷ் வருமாக்கும். நீ போய் நோட்டீஸ் அடி" என்றாள். அவன் அட்டையை வைத்துவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு படியிறங்கினான். சளி பிடித்திருந்தது போல.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி. வாசகசாலை முற்றத்தில் பந்தல். எங்கள் பக்கத்து ஆட்கள் இவ்வளவு பேர் ஒரு கூட்டத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. காரக்கோணத்திலிருந்துகூட ஜீப்பில் வந்திருந்தார்கள். மேடையில் எனக்குப் பக்கத்தில் சந்தன மாலை தொங்கவிட்ட ஒரு காலி நாற்காலி. மாஷ் வந்துகொண்டிருக்கிறார், நீங்கள் தொடங்குங்கள் என்று கிருஷ்ணன்குட்டி மைக்கை என் பக்கம் திருப்பினான்.

நான் மலையாளத்திலும் தமிழிலும் கலந்து பேசினேன். பழைய தாசையன் என்றால் முதல் கால் மணி நேரம் வணக்கம் சொல்லியிருப்பான். நான் நேராகத் தேங்காய்க்குப் போனேன். மாஷின் முதல் கடிதத்தைச் சொன்னேன். துருவியில் ஏறி உட்கார இரண்டு பாட்டு ஆனதைச் சொன்னேன். கூட்டம் சிரித்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். இன்னும் சிரித்தது. நெத்தோலியைச் சொன்னேன், சோற்றைச் சொன்னேன், ஒரு மாதம் குறுக்கே பேசாததைச் சொன்னேன். பெண்கள் பக்கத்தில் அம்மிணி நாற்காலியோடு சரிந்தாள். பெரியவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். இப்படி ஒரு சிரிப்பை எந்த எழுத்தாளனும் தன் சொந்த ஊரில் வாங்கியிருக்கமாட்டான். அந்தப் பதினைந்து நிமிஷம் என் வாழ்க்கையிலேயே மிகப் பெருமையான பதினைந்து நிமிஷம். இப்போதும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"இவ்வளவும் எனக்குத் தந்த என் ஆசான், நேசன் மாஷ், எங்கே இருந்தாலும் மேடைக்கு வரணும்" என்று முடித்தேன்.

சிரிப்பு அடங்கியது. பெண்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கிருபாபாய் எழுந்து வந்தாள். கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக் கழற்ற மறந்துவிட்டாள். சோறு வடித்தாயிற்றா என்று கேட்க வருகிறாள் என்று நினைத்தேன். அன்றைக்கு வடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன், அதனால் பயம் இல்லை. அவள் நேராக வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, அது மாஷுக்க நாற்காலியாக்கும்."

"அறியாம், தெரிஞ்சுதான் இருக்கேன். மைக்க இஞ்ச தாருங்க."

கிருஷ்ணன்குட்டி தான் கொண்டுவந்திருந்த காசெட்டைத் தூக்கிப் பிடித்து, அட்டையை மைக்கில் வாசித்தான். ரைட்டர் தங்கன். எழுதியது: கிருபாபாய், கொல்லயில்.

நேசன் என்று ஒருவரும் அதில் இல்லை. மாஷ் என்று ஒருவரும் இல்லை. உடுப்புக்கு அளவு கொடுக்க வந்த மிமிக்ரி கோஷ்டியிடம் அவள் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லப்போக, அவர்கள் அளவு கொடுக்காமலே உட்கார்ந்து சிரிக்க, எழுதித் தாருங்கள் சேச்சி என்று கேட்டிருக்கிறார்கள். ஊர் முழுக்க அட்டையை வாசித்திருக்கிறது. வாசிக்காதவன் நான் ஒருவன்தான். அந்த அட்டை மூன்று மாதமாக என் எழுத்து மேஜையில், என் கட்டுரைகள் பறந்துவிடாமல் இருக்க, அவற்றின் மேலே கிடந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வருவதற்குள் அவள் பேசிவிட்டாள். அவள் மேடையில் பேசி நான் பார்த்ததில்லை. இரண்டே வாக்கியம்தான் பேசினாள்.

"எழுதினது மட்டும்தான் நான். பதினாலு வருஷமாட்டு எனக்கு எழுதத் தந்துட்டு இருக்கியது இவராக்கும்."

அத்தோடு நிறுத்திவிட்டாள். நிறுத்த வேண்டிய இடம் அதுதான். கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. நானும் தட்டினேன். எனக்கே தெரியாமல் தட்டினேன் என்று சொன்னால் பொய். தெரிந்துதான் தட்டினேன். என் மனைவி இவ்வளவு பெரிய ஆள் என்பதில் எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது. அந்தக் காசெட்டைக் கேட்ட முதல் நாளே எழுதியவர் மேதை என்று கண்டுபிடித்தவன் நான்தானே. ரசனை வேணும், ரசனை.

வீட்டுக்கு வந்ததும் கோபம் வந்து சேர்ந்தது. இனி தேங்காய் தொடமாட்டேன், மீன் ஆயமாட்டேன், எல்லாம் ஏமாற்று என்று அறிவித்தேன். கிருபாபாய் எதிர்க்கவில்லை.

"சரி. விட்டிருங்க. கதையும் பழயபடி எட்டுப் பக்கம் ஆயிரும், அவ்வளவுதானே."

ஆசிரியரின் கார்டு சுவரில் இருந்து என்னைப் பார்த்தது. உங்களுக்கு என்ன ஆயிற்று, இப்படியே இருங்கள். காலையில் எழுந்தபோது டேப் ரெக்கார்டரில் டும் டும் என்று ஓடிக்கொண்டிருந்தது. கை நமநமவென்றது. துருவியில் ஏறி உட்கார்ந்தேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் உறுதியாக நின்றுவிட்டேன். இரண்டாவது காசெட் வருகிறது, அதில் என் மேடைப் பேச்சு ஒரு சொல் மாறாமல் வருகிறது என்று அவளே சொன்னாள். அப்படியானால் அட்டையில் எனக்கு ஓர் இடம் வேண்டும். கட்டாயம் வேண்டும். மூன்று நாள் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது இப்போது எனக்கு நல்ல பழக்கம். நாலாம் நாள் அவள் சரி என்றாள்.

காசெட் வந்தது. அட்டையை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினேன்.

"எங்க போட்டிருக்கு?"

கிருபாபாய் அட்டையைத் திருப்பி, கீழே ஓரத்தில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். "இந்தா, இதாக்கும் ஒங்கள நெனச்சுப் போடச் சொன்னது."

ஒரு முழு வரி. என் பெயர் மட்டும் என்றால் இவ்வளவு நீளம் வராது. முன்னால் ஏதோ பட்டமும் சேர்த்திருக்கிறாள் என்று புரிந்தது. நான் அவள் காலில் விழாத குறை. அந்த வரியை மட்டும் பாறசாலையில் போட்டோஸ்டாட் எடுத்துப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, திருச்சிக் கடிதத்தைக் கொஞ்சம் தள்ளிவிட்டு மாட்டினேன். பள்ளிக்கூடத்தில் காட்டினேன். அங்கே யாருக்கும் மலையாளம் வாசிக்கத் தெரியாது, எல்லோரும் கைகுலுக்கினார்கள். ஹெட்மாஸ்டர் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து, வாசகசாலைச் சந்தா வாங்க வந்த கிருஷ்ணன்குட்டி சட்டத்துக்கு முன்னால் நின்றான். இது எதற்கு சார் இங்கே என்று கேட்டான். வாசி, சத்தமாக வாசி, என் காதால் கேட்க வேண்டும் என்றேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான்.

"வெயிலும் ஈரமும் படாமல் பத்திரமாக வைக்கவும்."

மெஷின் நின்றது. நான் கிருபாபாயைப் பார்த்தேன். அவள் குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்து ஊசி மெத்தையில் குத்தினாள்.

"பின்ன? பத்திரமாட்டு வைக்கணும்ணுதானே சொல்லியிருக்கேன்? ஒங்களப் பத்தி அதவிட நல்லாட்டு என்னத்த எழுத?"

யோசித்துப் பார்த்தேன். கிருஷ்ணன்குட்டி போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்தச் சட்டத்தைக் கழற்றி, வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டினேன்.